முதல் புத்தகத்துக்கு நாமே பணம் கட்டலாமா?

மேசைவிளக்கு:
வணக்கம். நான்கு ஆண்டுகளாக எழுதிய பன்னிரண்டு சிறுகதைகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றுகூட இதழ்களில் வந்ததில்லை; உண்மையைச் சொன்னால், நான் எங்கும் அனுப்பியதும் இல்லை. போன வாரம் ஒரு பதிப்பகத்துக்கு மொத்தமாக அனுப்பினேன். மூன்றே நாளில் "அருமை" என்று பதில் வந்தது. 300 பிரதிகள் அச்சிட நான் 45,000 ரூபாய் கட்ட வேண்டும், எனக்கு 30 பிரதிகள் கிடைக்கும். மாத இறுதிக்குள் பணம் வந்தால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார்கள். கட்டலாமா?

தாமிரபரணி:
கட்டாதீர்கள் தம்பி. மூன்று நாளில் அவர்கள் எடைபோட்டது உங்கள் சட்டைப்பையைத்தான். கணக்கைப் பாருங்கள்: அச்சுக்கூலி உங்களுடையது, பிரதிகளில் 270 அவர்களுடையது. விற்றால் யாருக்குக் காசு? விற்காவிட்டால் யார் வீட்டுப் பரணில் ஏறும்?

நல்ல கதை என்று நீங்கள் நினைக்கும் ஒன்றை மட்டும் எடுத்து ஓர் இதழுக்கு அனுப்புங்கள். நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து வைக்க வேண்டும், திருப்பி அனுப்புவதற்காக. அந்த உறையில் எனக்கு ஆறு கதைகள் திரும்பி வந்தன. ஏழாவது அச்சில் வந்தது. முதல் ஆறும் திரும்பி வந்தது நல்லதுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

அச்சுக்கூடம்:
ஐயா சொல்வது ஐயா காலத்துக்குச் சரி. இன்று கதை வெளியிடும் அச்சிதழ்கள் எத்தனை? கல்கியே 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. புதியவர் எந்த வாசலில் எத்தனை நாள் காத்துக் கிடப்பது? கைக்காசு போட்டுப் புத்தகம் போடுவதில் இழுக்கு எதுவும் இல்லை. பாரதியே 1920இல் தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாகக் கொண்டுவர நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

ஆனால் 300 பிரதிகள் வேண்டாம், அதில் ஐயா கட்சிதான் நானும். தேவைக்கேற்ப அச்சிடும் அச்சகங்களில் 50 பிரதிகள் போடலாம். ஒரு பிரதிக்கான விலை கூடும், ஆனால் மொத்தமாக முடங்கும் பணம் குறையும், எல்லாப் பிரதியும் உங்களுடையது. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்காகத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

தாமிரபரணி:
பாரதியை இழுத்தீர்களே, முழுதாகச் சொல்லுங்கள். அவர் சுதேசமித்திரன் நாளிதழில் சேர்ந்தது 1904இல். பதினாறு ஆண்டுகள் ஊர் முழுக்கப் படித்த எழுத்துக்குத்தான் அவர் கடன் கேட்டார். அதற்கும் பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அந்த நாற்பதைப் பார்க்காமலே போய்விட்டார். நம் தம்பி எழுத்தை இதுவரை படித்தவர்கள் எத்தனை பேர்?

ஒற்றுமிகா இடம்:
இருவரும் பணத்தையே பேசுகிறீர்கள். நான் மெய்ப்புத் திருத்துபவள், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவள். ஆசிரியர் பணத்தில் வரும் தொகுப்புகள் பல, யார் கண்ணும் படாமல் நேராகப் பக்க வடிவமைப்புக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ஆசிரியரே பார்த்துவிட்டார்" என்பார்கள். தான் எழுதியதில் தன் பிழை எவருக்கும் தெரியாது. மனம் சரியாகவே வாசித்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். சில இடங்களில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது எழுத்துகள் சிதறும். கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும். ஆகவே வடிவமைத்த பிறகு வரும் பக்கங்களைத் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். தொடக்கத்தில் கதிரவன் பொற்கரங்களை நீட்டிக்கொண்டிருந்தால் அவனை அனுப்பிவிட்டு, முதல் ஆள் வாய் திறக்கும் இடத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். என் மேசைக்கு வரும் பத்துக் கதைகளில் ஏழில் பொழுது விடிந்துகொண்டே இருக்கிறது.

அச்சுக்கூடம்:
ஒற்று விடுபட்டதால் எந்த நல்ல கதையும் செத்ததில்லை, அம்மா.

ஒற்றுமிகா இடம்:
"வேலை கொடுத்தான்" என்றால் சம்பளம் வரும். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையில் ஆயுதம் வரும். எது வேண்டும் என்று கதாநாயகனையே கேளுங்கள்.

அச்சுக்கூடம்:
சரி, தோற்றேன். ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, தம்பிக்கு அதுதான் அவசரம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே பேனாவை மூடுங்கள். அச்சு உரிமையை மட்டும், மூன்று ஆண்டுகளுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். திரைப்படமா என்று சிரிக்காதீர்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

தாமிரபரணி:
இதை ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்தே போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மேசைவிளக்கு:
எல்லோருக்கும் நன்றி. பதிப்பகத்துக்குத் தொலைபேசினேன். மூன்று கேள்விகள் கேட்டேன். 270 பிரதிகளின் விற்பனைக் கணக்கு எப்போது வரும்? "அதெல்லாம் வரும்." ஒப்பந்தத்தை முன்கூட்டியே அனுப்புவீர்களா? "பணம் வந்ததும் அனுப்புவோம்." கதைகளை யார் செம்மைப்படுத்துவார்கள்? சற்று அமைதி. பிறகு, "நீங்கள்தானே எழுதினீர்கள், உங்களுக்குத் தெரியாதா?"

பணம் கட்டவில்லை. எனக்குப் பிடித்த எட்டாவது கதையை நேற்றிரவு வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் என் மனைவி தூங்கிவிட்டார். பார்த்தால், அதிலும் பொழுது விடிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிட்டேன்.

அச்சுக்கூடம்:
மிச்சம் பதினொன்றையும் வெட்டிவிட்டு வாருங்கள். 50 பிரதிகளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

தாமிரபரணி:
கணக்கு இருக்கட்டும் தம்பி. எட்டாவதை எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள்?