டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு ஒரே மல்டிவைட்டமின் போதுமா?

கேள்வி: மகளுக்கு 15, மகனுக்கு 17. சுத்த சைவம். ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கலாமா? அட்டையில எதைப் பார்க்கணும்?

பதில் 1: சைவம்னா பி12 கட்டாயம் இருக்கணும். அடுத்து இரும்புச்சத்து. மாதவிடாயால மகளுக்குத்தான் தேவை அதிகம். மெல்லுற ஜெல்லி வகையில பெரும்பாலும் இரும்பே இருக்காது. முதல்ல ஹீமோகுளோபின் பாத்துடுங்க.

பதில் 2: பள்ளியில வாரம் ஒண்ணு தர்ற நீல மாத்திரையில 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கு. அதை முழுங்குறாங்களான்னு கேளுங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும். டீயோடயும் கால்சியம் மாத்திரையோடயும் போட்டா இரும்பு சரியா உடம்புல சேராது. ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. மலம் கறுப்பா போனா பயப்படாதீங்க.

பதில் 3: மகன் முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் (வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து) சாப்பிட்டா, வைட்டமின் ஏ உள்ள மாத்திரை வேண்டவே வேண்டாம். ரெண்டும் சேர்ந்தா நச்சாகும்.