மேலத்தெரு குடும்பம்: அருணுக்குக் கார் வேண்டுமா?

அம்மா: கலா, அருணுக்கு விசா வந்துவிட்டது. ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மேடிசனுக்குப் படிக்கக் கிளம்புகிறான். அங்கே கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள். பழைய கார் வாங்க எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

கலா அக்கா: ரொம்ப சந்தோஷம் சித்தி! அமெரிக்காவில் நிறைய ஊர்களுக்கு அவர்கள் சொல்வது சரிதான். மேடிசன் அப்படி இல்லை. தனி ஆளாக வரும் மாணவனுக்கு இங்கே கார் வேண்டாம். அந்தப் பணத்தை வாடகைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பிரபு அத்தான்: இது கலா கட்சியின் அறிக்கை. எதிர்க்கட்சி நான். ஜனவரியில் மைனஸ் இருபதில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யட்டும்.

அருண்: அத்தான், நீங்கள் இருவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

பிரபு அத்தான்: ஒரே சோபாவில். அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

பெரியப்பா: அது என்ன ஊர், எவ்வளவு பெரிசு? பஸ் வசதி எப்படி? விவரமாகச் சொல்லுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு பஸ் விடுகிற ஊரா?

கலா அக்கா: அப்பா, விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர். பல்கலைக்கழகமும் ஊர் நடுவிலேயே இருக்கிறது. மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெண்டோட்டா, மோனோனா என்று இரண்டு பெரிய ஏரிகள். அவற்றுக்கு நடுவே ஏரிக்கரை மாதிரி ஒடுங்கிய நிலத்தில்தான் சட்டமன்றமும் கடைவீதியும். ஏரியைச் சுற்றிப் போகாவிட்டால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இன்னொரு சாலை போடலாம் என்றால் ஏரிக்குள்தான் போட வேண்டும். காருக்கு அது தலைவலி. பஸ்ஸுக்கு நல்லது, நிறையத் தடங்கள் அங்கே வந்து சேருகின்றன.

பெரியப்பா: என்னை மாதிரி பஸ் டிரைவர் கண்ணோடு பார்த்திருக்கிறாய். என் பெண் அல்லவா.

அருண்: அக்கா, மாணவர்களுக்கு பஸ் பாஸ் உண்டு என்று படித்தேன். தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

கலா அக்கா: வேண்டாம். நீ கட்டும் மாணவர் கட்டணத்திலேயே அது சேர்ந்துவிடுகிறது. பாஸை வாங்கி வைத்துக்கொள், ஊர் முழுக்க மெட்ரோ பஸ்ஸில் போகலாம். அப்புறம் 80 என்று ஒரு பஸ். வளாகத்துக்குள்ளேயே சுற்றும், ஈகிள் ஹைட்ஸ் மாணவர் குடியிருப்பு வரை போகும். அதற்கு பாஸே வேண்டாம். யார் வேண்டுமானாலும் ஏறலாம், காசு கேட்க மாட்டார்கள்.

அம்மா: நாங்கள் பார்க்க வந்தால்?

கலா அக்கா: மற்ற பஸ்ஸில் 2 டாலர் சித்தி. இரண்டு மணி நேரத்துக்குள் அதே கட்டணத்தில் பஸ் மாறிக்கொள்ளலாம். 65 வயது ஆனவர்களுக்குப் பாதி.

பெரியப்பா: சரி, நான் வந்தால் ஒரு டாலர். கண்டக்டர் உண்டா?

பிரபு அத்தான்: இல்லை மாமா. டிரைவர் ஒருவர்தான். 2024 செப்டம்பரில் ராபிட் ஏ என்று புதிதாக விட்டார்கள், அது உங்களுக்குப் பிடிக்கும். அறுபது அடி நீளம், நடுவில் மடியும், முழுக்க பேட்டரி.

பெரியப்பா: வெஸ்டிபியூல் பஸ்! சென்னையில் ஓட்டினார்களே. முக்கில் திருப்பும்போது பின்பெட்டி எங்கே போகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓட்டுகிறார்களா அந்தக் குளிரில்?

பிரபு அத்தான்: ஆமாம் மாமா. குளிரில் பேட்டரியின் தூரம் குறையும், ஆனாலும் ஓட்டுகிறார்கள். இன்னொரு விஷயம், இரண்டு பக்கமும் கதவு. கிழக்கு வாஷிங்டன் அவென்யூ மாதிரி இடங்களில் ஸ்டாப் சாலையின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. அங்கே இடது கதவு திறக்கும். ஓரத்தில் ஸ்டாப் உள்ள இடங்களில் வலது. டிக்கெட்டை ஸ்டாப்பிலேயே முடித்துவிட்டு எந்தக் கதவிலும் ஏறலாம்.

பெரியப்பா: எல்லாக் கதவிலும் ஏறலாம் என்றால் வித்தவுட் ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஸ்டாப்பில் நிற்கிற நேரம் பாதியாகும். செங்கோட்டை வண்டியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு நிமிடம் போகும், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே படியில் முட்டிக்கொள்வார்கள்.

அருண்: அந்த ராபிட் ஏ எங்கிருந்து எங்கே போகிறது?

கலா அக்கா: மேற்குக் கோடியில் ஜங்ஷன் ரோடு, அங்கிருந்து வெஸ்ட் டவுன் மால், ஷெபாய்கன் அவென்யூ, பல்கலைக்கழகம், சட்டமன்றம், அப்புறம் கிழக்கே நேராக. உன் தடம் இதுதான். எந்த வீடு பார்த்திருக்கிறாய்?

அருண்: மூன்று பார்த்தேன். ஸ்டேட் ஸ்ட்ரீட் பக்கம் ஒன்று, வாடகை பயங்கரம். ஷெபாய்கன் அவென்யூவில் ஒன்று, இரண்டு பேருடன் பகிர வேண்டும். பக்கத்துப் புறநகர் பிட்ச்பர்க்கில் ஒன்று, இருப்பதிலேயே மலிவு, அறையும் பெரிது.

பிரபு அத்தான்: பிட்ச்பர்க் என்றால் கார் வாங்கு. விஷயம் முடிந்தது.

கலா அக்கா: அதைத்தான் நான் தலைகீழாகச் சொல்கிறேன். மலிவு வீட்டில் மிச்சமாகும் பணம் காருக்கும் இன்சூரன்ஸுக்கும் போய்விடும். அருண், ஒன்று சொல்கிறேன் கேள். வீடு பார்க்கும்போது திங்கள் காலை பஸ் நேரத்தைப் பார்க்காதே, அது எங்குமே நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தையது எப்போது என்று பார். ஆய்வகத்தில் நேரமாகிவிட்டால் எப்படி வீடு வருவாய் என்பதுதான் கேள்வி.

பிரபு அத்தான்: இதில் கூட்டணி. நானும் அதையே சொல்வேன்.

பிரபு அத்தான்: ஆனால் ஒன்று. 2023 ஜூனில் பஸ் தடங்களை எல்லாம் மாற்றி அமைத்தார்கள். பெரும்பாலான எண்களை எடுத்துவிட்டு ஏ, பி, சி என்று எழுத்து. தடங்களைக் குறைத்து, இருக்கிற தடத்தில் அடிக்கடி பஸ் விட்டார்கள். ஊருக்கு நடுவே போகிறவர்களுக்கு லாபம். உள் தெருவில் இருந்தவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, ஸ்டாப் வரை நடை கூடிவிட்டது. கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

பெரியப்பா: எந்த ஊரிலும் இதே கதை. நிறைய ஸ்டாப் வைத்தால் வண்டி ஊரும். குறைத்தால் கிழவிகள் திட்டுவார்கள். நான் கிழவிகள் பக்கம்.

கலா அக்கா: நான் அடிக்கடி பஸ் பக்கம். பத்து நிமிடம் கூட நடக்கலாம், அரை மணி நேரம் பனியில் நிற்க முடியாது அப்பா.

அம்மா: நடக்கிற வழியில் பனி வழுக்காதா?

கலா அக்கா: நல்ல பூட்ஸ் இங்கே வந்து வாங்கட்டும் சித்தி. அங்கே வாங்கும் ஷூ இந்தக் குளிருக்கு ஆகாது. பஸ் எங்கே வருகிறது என்று போனில் தெரியும். வீட்டுக்குள் இருந்து பார்த்துவிட்டு வெளியே போனால் போதும்.

பிரபு அத்தான்: அத்தை, கலா சொல்லாததை நான் சொல்கிறேன். போனில் ஐந்து நிமிடம் என்று காட்டும், கையுறையைக் கழற்றி மறுபடி பார்த்தால் இன்னும் ஐந்து நிமிடம்தான் காட்டும்.

கலா அக்கா: நீங்கள் பனியில் காரைத் தோண்டி எடுத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்களேன்.

அருண்: தோண்டியா?

பிரபு அத்தான்: பனிவண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது ஓரத்தில் நிற்கும் காரின் மேல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போகும். கேரேஜ் இருந்தால் பிரச்சினை இல்லை. தெருவில் நிறுத்துகிறவனுக்குத்தான் பாடு. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை இரவு 1 மணியிலிருந்து காலை 7 வரை பக்கம் மாற்றி நிறுத்த வேண்டும். இரட்டைப்படைத் தேதி என்றால் இரட்டைப்படைக் கதவு எண் உள்ள பக்கம், ஒற்றைப்படை என்றால் எதிர்ப்பக்கம். ஊர் நடுவே மட்டும் பனி அவசரநிலை அறிவித்தால்தான் அந்த விதி. மறந்தால் அபராதச் சீட்டு.

அம்மா: இவன் தன் பிறந்தநாளையே மறக்கிறவன் மாப்பிள்ளை.

கலா அக்கா: சித்தி நம் கட்சிக்கு வந்துவிட்டார் 😄 வளாகத்துக்குள் நிறுத்த மாணவனுக்கு பெர்மிட் கிடைப்பதும் கஷ்டம். கார் வாங்கி, அதை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பஸ்ஸில் வகுப்புக்குப் போகிற பையன்களை நான் பார்க்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போக மட்டும் ஒரு கார்.

அருண்: சைக்கிள்?

கலா அக்கா: அது வேண்டும்! முதல் மாதமே வாங்கு. அமெரிக்க சைக்கிள் சங்கம் ஒன்று ஊர்களுக்குத் தரம் கொடுக்கிறது, மேடிசனுக்கு 2015-லேயே பிளாட்டினம். சும்மா கொடுக்கவில்லை. தென்மேற்குப் பாதை, கேபிடல் சிட்டி பாதை என்று கார் தொடாத தனிப் பாதைகள் ஊரைச் சுற்றி ஓடுகின்றன, மோனோனா ஏரி ஓரமாகவும் போகலாம். பனி விழுந்தால் அந்தப் பாதைகளையும் நகராட்சி சுத்தம் செய்கிறது. சில தெருக்களில் நடைபாதை வெள்ளையாகக் கிடக்கும், சைக்கிள் பாதை கறுப்பாகத் தெரியும். எனக்கு இன்னும் இது ஆச்சரியம்தான்.

பிரபு அத்தான்: பூட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கு, கம்பிப் பூட்டை வெட்ட ஒரு நிமிடம் போதும். வாங்க மனமில்லை என்றால் பிசைக்கிள் வாடகை வண்டிகள் நிற்கும். 2019 முதல் எல்லாமே மின்சாரம், பாஸ்கம் குன்றில் ஏறும்போது கால் உனக்கு நன்றி சொல்லும். சாதாரண சிட்டி பஸ்ஸின் முன்னால் சைக்கிள் மாட்டும் தாங்கியும் உண்டு. போகும்போது மிதி, வரும்போது களைத்தால் பஸ்ஸில் மாட்டு.

பெரியப்பா: ரயில் பற்றி யாருமே பேசவில்லையே. தலைநகரம் என்கிறீர்கள், ஸ்டேஷன் எங்கே?

பிரபு அத்தான்: மாமா, நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இனி கலா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

கலா அக்கா: போய்விட்டேன்.

பிரபு அத்தான்: மேடிசனில் 1971-க்குப் பிறகு பயணி ரயிலே கிடையாது. வெஸ்ட் வாஷிங்டன் அவென்யூவில் பழைய ஸ்டேஷன் கட்டடம் அழகாக நிற்கிறது, ரயில்தான் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் கொலம்பஸ், வடகிழக்கே காரில் அரை மணி நேரத்துக்கு மேல். ரயிலைப் பிடிக்கவே கார் வேண்டும்.

பிரபு அத்தான்: 2010-இல் மில்வாக்கியிலிருந்து மேடிசனுக்கு ரயில் விட மத்திய அரசு 81 கோடி டாலர் ஒதுக்கியது. சிகாகோ-மில்வாக்கி தடத்துக்கும் சேர்த்து ஸ்பெயினின் டால்கோ நிறுவனத்திடம் மாநிலம் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அந்த வருடத் தேர்தலில் ஸ்காட் வாக்கர் ஆளுநராக ஜெயித்தார். ரயில் வேண்டாம், ஓட்டுகிற செலவு மாநிலத்தின் தலையில் விழும் என்றார். டிசம்பரில் வாஷிங்டன் பணத்தைத் திரும்ப எடுத்து வேறு மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டது. பெட்டிகள் மட்டும் தயாராகி வருடக்கணக்கில் சும்மா கிடந்தன.

பெரியப்பா: அப்புறம் என்ன ஆயிற்று அந்தப் பெட்டிகள்?

பிரபு அத்தான்: 2022-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரம் வாங்கிவிட்டது.

பெரியப்பா: அடப்பாவிகளா! விஸ்கான்சின் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை லாகோஸ் மாப்பிள்ளை போட்டுக்கொண்டானா.

அருண்: அப்போது சிகாகோவிலிருந்து நான் எப்படி வருவது? டிக்கெட் அங்கே ஓ'ஹேர் விமான நிலையம் வரைதான்.

கலா அக்கா: திரும்பி வந்துவிட்டேன். ஓ'ஹேரிலிருந்து வான் கால்டர் பஸ் நேராக மேடிசன் வருகிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம், வளாகத்துப் பக்கமே இறக்கிவிடும். சிகாகோ ஊருக்குள் போக வேண்டாம். விமானம் இறங்கும் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடு, குடியேற்ற வரிசை எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது. மில்வாக்கி போக பேட்ஜர் பஸ் தனியாக இருக்கிறது. மேடிசனிலும் விமான நிலையம் உண்டு, ஆனால் அங்கு வரை டிக்கெட் போட்டால் பெரும்பாலும் விலை கூடும்.

கலா அக்கா: தேதி முக்கியம். இங்கே வளாகத்தைச் சுற்றி வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்ட் 14 முடிந்து 15 தொடங்கும். நடுவில் ஓர் இரவு பாதி ஊருக்கு வீடே இருக்காது. வாடகை லாரி எல்லாம் மாதக்கணக்குக்கு முன்பே போய்விடும். தெருவெல்லாம் சோபா, மேசை, விளக்கு என்று கொட்டிக் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஹிப்பி கிறிஸ்துமஸ் என்றே பெயர்.

அம்மா: அடுத்தவர் போட்ட மெத்தையை எடுக்காதே அருண்.

பிரபு அத்தான்: அத்தை சொல்வது சரி, மெத்தை மட்டும் வேண்டாம். மூட்டைப்பூச்சி. மேசை எடு.

அம்மா: கோயிலுக்கு எப்படிப் போவான்?

பிரபு அத்தான்: பிட்ச்பர்க்கில் சிவ விஷ்ணு கோயில் இருக்கிறது. பஸ்ஸில் போவது சுலபம் இல்லை. இங்கேதான் கலா கட்சியின் ஓட்டை. கோயில், டெவில்ஸ் லேக் பூங்கா, பக்கத்து ஊர் நண்பன் வீடு, எதற்கும் கார் வேண்டும்.

கலா அக்கா: அதற்கு நாம் இருக்கிறோம். இல்லாவிட்டால் நான்கு பையன்கள் சேர்ந்து ஒரு நாள் வாடகைக் கார் எடுப்பார்கள். வருடம் முழுக்க இன்சூரன்ஸ் கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். அரிசி மூட்டை வாங்க வெஸ்ட் டவுன் வரை ராபிட்டிலேயே போய்வரலாம், தோள்பை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்.

பிரபு அத்தான்: சரி, நியாயமாகச் சொல்கிறேன். முதல் வருடம் கார் வேண்டாம். பக்கத்து ஊர் வெரோனா பக்கம் வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆகிக் குழந்தை வந்தாலோ அப்போது பார்க்கலாம். குழந்தையையும் தள்ளுவண்டியையும் தூக்கிக்கொண்டு பிப்ரவரியில் பஸ் ஏறச் சொன்னால் நான் மறுபடி எதிர்க்கட்சி. சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து நாளில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. கேம்ப் ராண்டல் மைதானத்தில் 75,000 பேருக்கு மேல் உட்காருவார்கள், பஸ்ஸும் சுற்றிப் போகும், காரும் நகராது. நட.

அருண்: ஷெபாய்கன் அவென்யூ வீட்டையே சொல்லிவிடுகிறேன் அக்கா. ஞாயிறு கடைசி பஸ்ஸும் பார்த்துவிட்டேன், சரியாக வரும்.

அம்மா: அப்படியானால் கார் பணத்தில் இவனுக்கு நல்ல கோட்டு வாங்கிக் கொடு கலா. அருண் அப்பாவிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.

கலா அக்கா: கோட்டு நான் வாங்குகிறேன் சித்தி. அருண், 14-ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் தங்கு. ஓ'ஹேர் பஸ் வளாகத்தில் வந்து நின்றதும் கூப்பிடு. இரண்டு பெரிய பெட்டியோடு சிட்டி பஸ்ஸில் ஏறாதே, அத்தான் காரில் வந்து ஏற்றிக்கொள்வார்.

பிரபு அத்தான்: "காரில் வந்து." எழுதியவர் கலா. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

கலா அக்கா: குடும்பத்துக்கு ஒன்று போதும் என்றுதானே காலையிலிருந்து சொல்கிறேன்.