விழுந்ததிலிருந்து அத்தையைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. இது சரியா?

கேள்வி (கும்பகோணம் மருமகள்):

என் மாமியாருக்கு 78 வயது. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லைக் கடைசியில் பாத்ரூம். நடுவில் மூன்று நிலைப்படிகள். போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே வழுக்கிவிட்டார். துண்டு போடும் கம்பியைப் பிடித்திருக்கிறார். அது திருகாணியோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று.

அன்றிலிருந்து என் கணவர், "எழுந்திருக்கவே கூடாதும்மா" என்கிறார். தினமும் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு இப்போது சாப்பாட்டுத் தட்டும் கட்டிலுக்கே போகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (பிசியோதெரபிஸ்ட், 19 வருஷம்):

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும். அப்புறம் எழும்போது விழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரி எழும்போது கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை ஆட்டிவிட்டுப் பிறகு எழட்டும்.

கை வைத்த நாற்காலியைச் சுவரோரம் போட்டு, காலை மாலை ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கைத்தடி வாங்கினால், செருப்போடு நின்று கையைத் தொங்கவிடும்போது பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்கட்டும். வலுக் குறைந்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிப் பிடிக்கிறார்கள்.

பதில் (திருச்சிக்காரன்):

அப்பாவை நாங்களும் இப்படித்தான் 'பத்திரமாக' வைத்தோம். மூன்று மாதத்தில் தானாக எழ முடியாமல் போனார். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

துண்டுக் கம்பி ஆள் எடையைத் தாங்காது. ஸ்டீல் கைப்பிடி போடுங்கள். பழைய காரைச் சுவரில் ஆணி நிற்காது. கொத்தனாரை வைத்துச் சிமெண்டில் பதிக்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற வகை வேண்டாம், எங்கள் வீட்டில் டைல்ஸிலிருந்து கழன்று விழுந்தது. ராத்திரிக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி. நிலைப்படி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள், கால்மிதியை எடுத்துவிடுங்கள்.

பதில் (கிராமச் செவிலி):

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கும்பகோணம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நின்று பார்த்ததில் பிரஷர் 26 இறங்கியது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கைப்பிடியும் பதித்தாயிற்று. இன்று காலை கைத்தடியோடு மாடம் வரை வந்தார், செம்பை நான் பிடித்துக்கொண்டேன். மழை பெய்தால் முற்றம் பாசி பிடிக்கிறது. அதற்கு என்ன போடலாம்?