மறுமொழி: மெட்டல் டிடெக்டர் – அச்சுக்கு இரண்டு நாள்தான்

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பாளையங்கோட்டை அச்சகத்தில் தாளைக் கொடுத்தாக வேண்டும். தாமிரபரணிக் கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கச் சிற்றேடு. பழங்காசு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று சொல்வது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெட்டல் டிடெக்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடக்கிறது. நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> "கண்டறிவி" என்ற சொல் பிழை. அறி தன்வினை, அறிவி பிறவினை. கருவி யாருக்கு அறிவிக்கிறது?

நமக்குத்தான் அண்ணாச்சி! கருவியின் கம்பிச் சுருளில் திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் கிடக்கும் செம்புக் காசில் சுழல்மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்ததும் கருவி கத்துகிறது. ஆக இலக்கணம் இடிக்கவில்லை. என் தயக்கம் வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏட்டில் பெரிய எழுத்தில் "அறிவி" என்றே போட்டிருக்கிறேன். அந்த வினை பிள்ளைக்கு உரியது. கருவிக்கும் அதையே வைத்தால் குழம்பும்.

> பொன் என்றால் உலோகம் எல்லாமே. கரும்பொன், ஐம்பொன். பொன்னறி எனலாமே?

அக்கா, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். இந்த ஆற்றங்கரையின் பழைய புதைகாடான ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்த கதை இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். பொன்னறி என்றால் தங்கம் காட்டும் கருவி என்றே நினைப்பார்கள். அந்தப் பரம்பு மேட்டில் நிறைந்திருப்பதோ இறந்தவரைப் புதைத்த மண்பானையான முதுமக்கள் தாழி. சுட்ட மண்ணுக்கு இந்தக் கருவி சத்தம் போடாது, உள்ளே கிடக்கும் துருப்பிடித்த இரும்புக்குப் போடும். சத்தம் கேட்ட இடத்தில் மண்வெட்டி விழுந்தால் தாழி போச்சு.

அப்புறம் உலோகங்காணி, உலோகத்தைக் காண்பது என்ற பொருளில். உலோகம் என்பதன் கடைசி "ம்" கெட்டு "உலோகக்காணி" ஆக வேண்டாமா என்றார் ஒருவர். மரங்கொத்தியை நாம் மரக்கொத்தி என்பதில்லையே. காணி என்றதும் காணி நிலம், கங்காணி, பாபநாசம் மலைக் காணிக்காரர் என்று பத்து மடல் ஓடிவிட்டது. அத்தனையும் சேமித்து வைத்திருக்கிறேன், ஏட்டில்தான் இடமில்லை.

எழுதிய ஏழு பேரில் நான்கு பேர் உலோகங்காணி என்கிறார்கள். முதல் பக்கத்தில் "உலோகங்காணி என்னும் மெட்டல் டிடெக்டர்", பிறகு உலோகங்காணி மட்டும்.

கோவில்பட்டித் தம்பி இன்னும் தன் யோசனையான "துழாவி"யை விடவில்லை. கண் இல்லாத கருவி எதைக் காணும் என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது, என்னிடம் பதில் இல்லை. யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.