மூன்றே எழுத்து: 'போ'வா, 'பவ்'வா?

மாடிவீட்டு மணி:
ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நேற்று ராத்திரி ஆங்கிலப் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வீரன் தோளில் வில்லை மாட்டிக்கொண்டு வருகிறான், பி ஓ டபிள்யூ, 'போ' என்று வாசித்தேன், சரி. அடுத்த பத்தியில் அதே ஆள் அரசன் முன்னால் தலை வணங்குகிறான், அதே மூன்று எழுத்து, அங்கேயும் 'போ' என்றேன். "அப்பா, அது பவ்" என்று திருத்திவிட்டாள். கப்பலின் முன்பக்கத்துக்கும் இதே எழுத்துதானாம். எல்லாம் ஒரே வேரா?

அரைக்கிறுக்கன்:
ஒரே வேர்தான், வளைவது. வில், ரிப்பன் முடிச்சு 'போ'. வணங்குவதும் கப்பல் முன்பக்கமும் 'பவ்'. வில் வளைந்திருக்கும், வணங்குகிறவன் வளைவான், கப்பல் முகப்பும் வளைவுதானே.

கடலோரத்தான்:
கடைசியில் சறுக்கிவிட்டீர்கள். வில்லும் வணக்கமும் சரி. பழைய ஆங்கிலத்தில் வில்லுக்கு 'பொகா', வளைவதற்கு 'பூகன்'. இரண்டிலும் ககரம் தேய்ந்துபோனது, உயிரெழுத்துதான் பிரித்துவிட்டது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்களெல்லாம் இடம் மாறின. அதில் 'ஊ' என்பது 'அவ்' ஆனது, 'ஹூஸ்' ஹவுஸ் ஆனது, 'மூஸ்' மவுஸ் ஆனது, பூகனும் அந்த வழியில் போய் 'பவ்' ஆகிவிட்டது. பொகாவில் இருந்தது ஒகரம், அது 'போ'வில் வந்து நின்றது.

கப்பல் சொல் தனி. அது டச்சு, வட ஜெர்மனிப் பக்கத்து மாலுமிகளோடு ஒட்டிய சொல், அடிப்பொருள் தோள். மரக்கிளையைக் குறிக்கும் 'பவ்' (அதற்கு எழுத்து வேறு) இதற்குத்தான் உறவு, வில்லுக்கு அல்ல. எங்கள் பக்கம் படகின் முன்பக்கத்தை அணியம் என்போம், தோள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் கப்பல் அலையை முட்டித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் படுகிறது.

தந்தி மீட்டி:
வயலின் வகுப்பில் நாங்கள் இழுக்கும் வில்லும் 'போ'தான். "போ கோணலாப் போகுது பார்" என்று வாத்தியார் சொல்லும்போது புதுப் பையன்கள் சிரிப்பார்கள். ரெயின்போவில் இருப்பதும் அதே வில், அவர்களுக்கு மழை வில், நமக்கு வானவில். முழங்கைக்கு எல்போ என்கிறார்களே, அதிலும் இதுதான், கை வளைகிற இடம்.

அப்புறம் ஒரு வம்பு. பாய்மரக் கப்பலின் முன்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைப் 'போஸ்பிரிட்' என்பார்கள். கப்பல் 'பவ்' அங்கே 'போ' ஆகிவிடும்!

மாடிவீட்டு மணி:
தோள் கதையை மகளிடம் சொல்லிவிட்டேன். போஸ்பிரிட்டைச் சொல்லவில்லை. என்றைக்காவது அதைப் 'பவ்' என்று வாசிப்பாள், அன்றைக்கு நான் திருத்திக்கொள்கிறேன்.