கிரேக்க ‘ஹீரோ’ வழிபாடு: வீரரா, பட்டவரா, ஈமத்தெய்வமா?

> ‘வீரர் வழிபாடு’ என்றே எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். கிரேக்கரின் ‘ஹீரோ’ வழிபாட்டைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே நம் கேள்வி. ஹோமரின் காப்பியங்களுக்கு வீரர், மறவர் இரண்டும் பொருந்தும். ஆனால் வழிபாட்டில் கிரேக்கர் ‘ஹீரோஸ்’ என்றது இறந்து ஓரிடத்தில் அடங்கி, அங்கிருந்தபடியே ஊருக்கு நன்மையோ கேடோ செய்ய வல்லவரை. அதற்கு வீரம் ஒரு தகுதியே அல்ல. கிரேக்கத்தின் நெமியாவில் வழிபடப்பட்ட ஒஃபெல்டிஸ், பாம்பால் இறந்த கைக்குழந்தை. அஸ்டிபலையா தீவின் கிளியோமெடிஸ் குத்துச்சண்டைக்காரர். எதிராளியைக் கொன்றதால் ஒலிம்பியாவில் வெற்றியை இழந்தார். சித்தம் கலங்கி ஊர் திரும்பி, பள்ளிக்கூடத்தின் தூணைச் சாய்த்து அறுபது பிள்ளைகளைச் சாகடித்தார். ஊரார் கல்லெறிய, அதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்தவர், உடைத்துப் பார்த்தபோது அதில் இல்லை. அவருக்குப் பலியிடுங்கள் என்றது டெல்ஃபிக் கோயிலின் குறிவாக்கு. இதைப் பண்டைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். இப்படி ஒருவரை ‘வீரர்’ என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் வழிபாட்டின் காரணமே மறைந்துபோகும்.

‘ஹீரோ’ என்று ஒலிபெயர்த்தால் சினிமாதான் நினைவுக்கு வரும். ‘மாவீரர்’ ஈழப் போரில் உயிர்நீத்தவர்களுக்கு உரிய சொல்லாக நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

என் பரிந்துரை ‘பட்டவர்’, அதாவது அடிபட்டோ வெட்டுப்பட்டோ இறந்தவர். நடுகல் எழுத்துகளில் ‘பட்டான் கல்’ என்ற முடிப்பு வருகிறது. பட்டவன் சாமி இன்றும் கும்பிடப்படுகிறார். நல்லவர், கெட்டவர் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லில் இல்லை.

*

அம்மா, வீரரை விலக்கியதற்கு நீங்கள் சொன்ன காரணம் வலுவானது. பட்டவர் அழகான சொல்தான், ஆனால் போதாது. வட ஆப்பிரிக்காவில் சிரீனி என்ற கிரேக்க நகரை நிறுவிய பட்டோஸ் வெட்டுப்பட்டுச் சாகவில்லை. நகர் நிறுவியவர் என்பதால்தான் அவருக்கு அகோராவில் (ஊர்ச்சந்தை வெளியில்) கல்லறையும் வழிபாடும். ஏதென்ஸில் நாடகாசிரியர் சோஃபோக்ளிஸும் ‘டெக்சியோன்’ என்ற பெயரில் வழிபடப்பட்டார். அவரும் பட்டவர் அல்லர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது அடங்கிய இடம். தெகியா என்ற ஊரில் ஏழு முழப் பேழையில் கிடைத்த எலும்புகளை, அகமெம்னானின் மகன் ஓரெஸ்டிஸுடையவை என்று ஸ்பார்ட்டாவுக்குக் கொண்டுபோனதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 475 வாக்கில் ஏதென்ஸின் தளபதி கிமோன் ஸ்கைரோஸ் தீவிலிருந்து, புராண அரசர் தெசியஸின் எலும்புகளை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார். எலும்பு எங்கே இருக்கிறதோ, காவலும் அங்கே. ஆகவே ‘ஈமத்தெய்வம்’, ‘ஈமத்தெய்வ வழிபாடு’ என்று வைக்கலாம். ஈமத்தாழி என்று ஏற்கெனவே வழங்குவதால், எரிக்கப்பட்டவர், புதைக்கப்பட்டவர் இருவரையும் ‘ஈம’ தாங்கும். நிலம் பிளந்து விழுங்கிய குறிசொல்லி அம்ஃபியராவோஸுக்கு எலும்பு ஏது என்று கேட்பீர்கள். ஓரோபஸ் என்ற ஊரில் அவரைக் கடவுளாகவே கொண்டார்கள். அவர் இந்த வரையறைக்கு வெளியே நிற்கலாம். ‘தியோஸ்’ கடவுள், ‘ஹீரோஸ்’ ஈமத்தெய்வம் என்று பிரித்தே ஆள வேண்டும்.

> ஹீரோவின் வழிபாட்டிடமான ‘ஹீரூன்’ என்பதற்குப் பள்ளிப்படை சரியாக இருக்குமா?

இராது. பள்ளிப்படை அரசர் சமாதிமேல் எழுப்பிய கோயில். உள்ளே லிங்கம் இருக்கும். ஒலிம்பியாவில் ஹீரோவாக வழிபடப்பட்ட பெலோப்ஸின் இடமோ ஐங்கோண மதில், உள்ளே மண்மேடு, மரங்கள். கூரை கிடையாது. ‘ஈமக்கோட்டம்’ என்போம். மணிமேகலையில் சக்கரவாளக்கோட்டத்தைச் சுடுகாட்டுக்கோட்டம் என்றும் சொல்வதால் கோட்டம் இங்கே புதிதல்ல.

*

ஈமத்தெய்வத்தை ஏற்கிறேன். பட்டவரை உட்பிரிவாக வைத்துக்கொள்வோம். கி.மு. 422-இல் அம்ஃபிபொலிஸ் போரில் விழுந்த ஸ்பார்ட்டாத் தளபதி பிராசிடாஸ் அப்படியே பட்டவர்: ஊருக்குள் அடக்கம் செய்து, நினைவிடத்தைச் சுற்றி வேலியிட்டு, ஆண்டுதோறும் பலியும் போட்டிகளும் நடத்தினார்கள்.

பலிச்சொற்களில்தான் பிழை அதிகம் நேரும். கடவுளுக்கு ‘தூசியா’, ஹீரோவுக்கு ‘எனாகிஸ்மா’ என்று பழைய பாடநூல்கள் கோடு கிழித்தன. முன்னதில் தொடையெலும்பும் கொழுப்பும் தீக்கு, இறைச்சி கூடியிருப்போருக்கு. பின்னதில் குருதி குழிக்குள், உடல் முழுதும் தீக்கு. ஆனால் கல்வெட்டுகளையும் பலிநாட்காட்டிகளையும் திரட்டிக் ஆய்வாளர் குன்னெல் எக்ரோத் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஹீரோக்களுக்கும் பெரும்பாலும் விருந்தோடு கூடிய பலியே நடந்ததைக் காட்டியது. எனவே ‘ஈமப்பலி’ என்று எனாகிஸ்மாவை மொழிபெயர்த்தால் அந்தப் பழைய கோட்டை நாமே மறுபடி கிழித்தவர்களாவோம். செயலைக் கொண்டே பெயரிடுவோம்: தூசியா ‘விருந்துப்பலி’, எனாகிஸ்மா ‘முழுவெரிபலி’, குருதி ஊற்றும் ‘போத்ரோஸ்’ ‘குருதிக்குழி’. மறுப்பு இருந்தால் எந்தக் கோயில், எந்தக் கல்வெட்டு என்ற சான்றோடு எழுதுங்கள்.