பாத்ரூம் நாற்றம்: காரணம் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக எங்கள் பாத்ரூமில் சாக்கடை நாற்றம். காலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறது. அம்மா உள்ளே போகவே தயங்குகிறார், பார்க்க மனசு கேட்கவில்லை.

தரை ஜாலியைக் கழற்றினேன். முடியும் சோப்பும் திரண்டு, கருப்பாக, கொழகொழவென்று ஒரு கைப்பிடி வந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாள் நிம்மதி, பிறகு அதே கதை.

தரைத் துளைக்குக் கீழே இருக்கும் வளைவான டிராப்பில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பொதுவாக 50 மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது நிறைய இருந்தது, காலையில் பாதிதான். ஒரே ராத்திரியில் அவ்வளவு ஆவியாகாது. ஃப்ளஷ் செய்தால் தரைத் துளையில் களக் களக்கென்று சத்தம் வேறு. கழிவுக் குழாய்க்குள் காற்று போய்வர வைத்திருக்கும் வென்ட் பைப் அடைத்துக்கொண்டு, ஃப்ளஷ் தண்ணீர் டிராப் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறதோ என்று சந்தேகம்.

இன்றிரவு டிராப்பை நிரப்பிவிட்டு, விடியும்வரை யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்க்கப் போகிறேன். அப்படியும் குறைந்தால் டிராப்பில் விரிசல் என்று எடுத்துக்கொள்ளலாமா? வென்ட் பைப் அடைப்பைத் தரையை உடைக்காமல் எப்படி எடுப்பது? ஆசிட் மட்டும் வேண்டாம். ப்ளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வரும். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.